தொற்று நோயும் சினிமா பக்தியும்

சென்ற வாரம் விரிஞ்சிபுரத்து டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தோம். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு வாலிபர், "கொரோனா காலத்திலேயே முதல் நாள் முதல் ஷோ பார்த்தவன் அய்யா நான். எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்று மார்தட்டிச் சொன்னார். பக்கத்திலிருந்தவர்கள் அதை ஒரு வீரச் செயலாகக் கருதிச் சிரித்து ஆமோதித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. "தம்பி, உனக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். ஆனவன் இந்த டீக்கடைக்கு வந்து சொல்ல முடியுமா?" என்று கேட்டோம். அதற்கு அவரிடம் பதிலில்லை.

தோழர்களே! இது ஒரு வாலிபரைப் பற்றிய விஷயமல்ல. நமது ஊரில் கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறு என்றால் என்ன நடக்கின்றது? பிள்ளையில்லாத பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து, நடுராத்திரியில் சிம்மத் தீர்த்தத்தில் முழுகி, ஈரத் துணியோடு கோவில் பிரகாரத்தில் படுத்துக் கிடக்கின்றார்கள். அவர்களில் யாருக்காவது பிறகு ஒரு குழந்தை பிறந்துவிட்டால் அந்தச் சேதி பத்து ஊருக்குப் போகின்றது. முழுகியும் பிறக்காதவர்கள் எத்தனை பேர் என்று எவனாவது கணக்கெடுத்தானா? அவர்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டிலேயே அழுகின்றார்கள். தீர்த்தத்தின் மகிமை இப்படித்தான் வளர்ந்தது. "சினிமா பார்த்தேன், பிழைத்தேன்" என்கின்ற மகிமையும் இதே வழியில்தான் வளருகின்றது. கோவிலைத் தாண்டி வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கும் வாலிபன், அதே புத்தியைச் சினிமாக் கொட்டகைக்குள் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கின்றான் என்பதே நமது குற்றச்சாட்டு.

நிற்க, நடந்த சங்கதியைச் சற்று ஞாபகப்படுத்திக் கொள்ளுவோம். 2020 மார்ச் மாத மத்தியில் நமது மாகாணத்துக் கொட்டகைகளெல்லாம் மூடப்பட்டன. கோவில்களும் மூடப்பட்டன. "வழித்துணை நாதர்" என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நமது ஊர்ச் சுவாமிக்கும் கதவு சாத்தியாயிற்று. அப்போது ஜனங்களுக்கு வழித்துணையாக வந்தவர்கள் ஆம்புலன்ஸ் டிரைவரும், நர்சும், தெருக் கூட்டும் தோழரும்தான். நவம்பர் 10-ந் தேதி பாதி இருக்கைகளுக்கு மட்டும் என்று கொட்டகைகள் திறக்கப்பட்டன. ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி என்பது ஏற்பாடு.

அடுத்து 2021 பொங்கலுக்கு "மாஸ்டர்" படம் வர இருந்தது. படத்தின் நாயகர் நடிகர் விஜய் முதலமைச்சரைச் சந்தித்து முழுக் கொட்டகைக்கும் அனுமதி கேட்டார் என்று பத்திரிகைகளில் வந்தது. ஜனவரி 4-ந் தேதி சர்க்காரும் நூற்றுக்கு நூறு இருக்கை என்று உத்தரவு போட்டுவிட்டது! புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர் ஒருவர், மாதக்கணக்கில் உழைத்துத் தம்மைப் போன்றவர்கள் களைத்துப் போய்விட்டதையும், சிலருடைய பணத்துக்காகப் பலருடைய உயிரைப் பணயம் வைக்கலாகாது என்பதையும் பகிரங்கக் கடிதமாக எழுதினார். மத்திய சர்க்காரின் உள்துறை ஆட்சேபித்தது. உயர்நீதிமன்றமும் தலையிட்டது. ஜனவரி 8-ந் தேதி மறுபடியும் பாதி என்றாயிற்று. படம் 13-ந் தேதி வெளிவந்தது. அதே படம் அதே மாதம் 29-ந் தேதி அமேசான் மூலமாக வீட்டுக்கே வந்துவிட்டது!

நாம் கேட்கின்றோம்: பதினாறு நாள் பொறுக்க முடியாதபடி அதில் அப்படி என்ன அவசரம்? அந்தச் சந்தா கட்ட வசதியில்லாத ஏழைக்குத்தான் என்ன அவசரம்? நோய் தணிந்த பிறகு அதே கொட்டகையில் பார்த்தால் கதை மாறிவிடுமா? மாறாது. முதல் நாள் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை மட்டுமே போகும். சொர்க்கவாசல் திறக்கும் அன்றைக்கே நுழைய வேண்டும் என்று முண்டியடிக்கின்றவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

இங்கே ஒன்றை யோக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். "மாஸ்டர்" படத்தால்தான் இரண்டாவது அலை வந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பல்லி விழுந்ததால் மாமன் செத்தான் என்கின்றவனுடைய புத்திக்கும் நமது புத்திக்கும் பேதமில்லாமல் போய்விடும். அந்த ஜனவரியில் நம் மாகாணத்தில் ஒரு நாளைக்குப் புதிதாக நோய் கண்டவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. மே 21-ந் தேதி அது 36,184 ஆயிற்று. இடையிலே புது ரகக் கிருமி, தேர்தல் கூட்டம், திருவிழா, கலியாணம் என்று காரணங்கள் பல. நாம் சொல்லுவது வேறு. வரப்போவது யாருக்கும் தெரியாத ஒரு நேரத்தில், டாக்டர் ஒரு பக்கமும் நடிகர் ஒரு பக்கமும் நின்று வெவ்வேறு யோசனை சொன்னபோது, சர்க்காரும் சரி, ஜனங்களும் சரி, யார் பேச்சைக் கேட்க ஓடினார்கள் என்பதுதான் கேள்வி.

"பஸ்ஸில் நெருக்கியடித்துப் போகவில்லையா? தேர்தல் கூட்டம் நடக்கவில்லையா? ஹரித்துவாரத்தில் கும்பமேளா நடக்கவில்லையா? சினிமா மட்டும்தான் கண்ணில் பட்டதா?" என்று சிலர் கேட்கின்றார்கள். கும்பமேளாவையும் தேர்தல் கூட்டத்தையும் நாம் எப்போது சரி என்றோம்? ஊரான் கிணற்றில் விழுந்தான் என்பதற்காக நாமும் விழ வேண்டுமா? பஸ்ஸில் போகின்றவன் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைக்கு அன்றாடக் கூலிக்குப் போகின்றான். போகாவிட்டால் அடுப்பு எரியாது. கொட்டகைக்குப் போகாவிட்டால் எந்த அடுப்பு அணைந்துவிடும்? மேலும், இந்தக் கிருமி காற்றில் பரவக்கூடியது. மூடிய அறையில் பேசப் பேச, கத்தக் கத்த, அதிகமாகப் பரவும். முதல் நாள் கொட்டகையிலோ மூன்று மணி நேரம் விசிலும் கூச்சலுமே பிரதானம். இதை அறிய வேதாந்தம் வேண்டியதில்லை. 1918-ல் விஷக் காய்ச்சல் பரவியபோதே அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சினிமாக் கொட்டகைகளை மூடினார்கள்.

இனி, "கொட்டகைத் தொழிலாளி என்ன சாப்பிடுவான்?" என்று கேட்கின்றவர்களுக்குச் சொல்லுகிறோம். இது நியாயமான கேள்வி. டிக்கெட் கிழிப்பவரும், படம் ஓட்டுபவரும், வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு பார்ப்பவரும் மாதக்கணக்கில் கஷ்டப்பட்டார்கள். அவர்களுக்குச் சர்க்காரும், கோடி கோடியாகச் சம்பாதித்த முதலாளிகளும், நடிகர்களும் அல்லவா படியளந்திருக்க வேண்டும்? கோடீஸ்வரனுடைய வசூலுக்காகத் தொழிலாளியின் பசியைக் கேடயமாகப் பிடிப்பது பித்தலாட்டமல்லாமல் வேறென்ன? தோல் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தபோது நமது மக்களின் பசிக்காக எந்த நடிகர் எந்த மந்திரியைப் பார்த்தார்?

நமது தோழர்களையும் விட்டுவிடுவதற்கில்லை. 2021 ஏப்ரல் 9-ந் தேதி "கர்ணன்" படம் வந்தது. ஜாதிக் கொடுமையைக் கேட்கின்ற படம், நல்ல படம். மறுநாள் முதல் கொட்டகையில் பாதிப் பேர்தான் என்று முன்னமேயே உத்தரவாகியிருந்தது. அப்படியிருந்தும், "இன்றைக்கு முழுக் கொட்டகை உண்டு" என்று நம்மவர்களே பலர் ஓடினார்கள். உத்தரவு நாளைக்குத்தான் அமுலுக்கு வருகின்றது, ஆகையால் கிருமியும் நாளைக்குத்தான் வரும் என்பது எந்தப் பகுத்தறிவு? ராகுகாலம் முடிந்து புறப்படுகின்றவனைப் பரிகாசம் செய்ய நமக்கு அப்புறம் என்ன யோக்கியதை இருக்கின்றது? ஏப்ரல் 26-ல் கொட்டகைகள் முழுவதும் மூடப்பட்டன. நல்ல கருத்துள்ள படம் என்பதற்காகக் கிருமி ஒதுங்கி நிற்காது.

சினிமாவை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பதல்ல இதன் கருத்து. சினிமா விஞ்ஞானத்தின் குழந்தை. அந்த விஞ்ஞானத்தின் குழந்தைக்கு முன்னால் ஆளுயரக் கட்டவுட் வைத்து, குடம் குடமாய்ப் பாலை ஊற்றி, கற்பூரம் காட்டுவதைத்தான் வெட்கக்கேடு என்கிறோம். 2020 ஏப்ரல் 5-ந் தேதி இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள், ஏற்றினோம். 2021 மே மாதம் கோயமுத்தூர்ப் பக்கத்தில் "கொரோனா தேவி" என்று ஒரு கருங்கல் சிலையையே வைத்துவிட்டார்கள். கட்டவுட்டுக்குப் பால் ஊற்றினவனும், கொரோனா தேவிக்கு யாகம் செய்தவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதல் கண்டறிந்த சோதனை 1986-ல் நடந்தது நமக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில். அந்தச் சோதனைச் சாலை எந்தத் தெருவில் இருக்கின்றது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எந்த நடிகருக்குப் பிறந்த நாள் எப்போது என்று கேட்டால் தெரியாதவர் உண்டா?

"எல்லாம் முடிந்து போயிற்று, இப்போது ஏன் கிளறுகிறாய்?" என்பார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ந் தேதி நெருக்கடி நீங்கியது என்றது, நோய் ஒழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. 1918-ல் ஒன்று வந்தது, 2020-ல் ஒன்று வந்தது. அடுத்தது வரும்போது, பண்டிகைப் படமும் வரும், முழுக் கொட்டகை கேட்கும் முதலாளியும் வருவான், உத்தரவு போடும் சர்க்காரும் இருக்கும். டீக்கடையில் மார்தட்டும் வாலிபனுக்குப் பக்கத்தில் அன்றைக்கு நாம் இருப்போமா என்பதே கேள்வி.

அந்த வாலிபர் எழுந்து போகும்போது, "அய்யா, எங்க வீட்ல அம்மாவுக்கு எழுபது வயசு. அன்னிக்கு அதை நான் நினைக்கவே இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆதலால் தோழர்களே, படம் பார்ப்பவர்கள் தாராளமாகப் பாருங்கள். ஆனால் நோய்க் காலத்தில் டிக்கெட்டுக்குக் கையை நீட்டும் முன், வீட்டிலே இருமிக்கொண்டு உங்களுக்காகச் சோறு வைத்துக் காத்திருக்கும் கிழவியை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு நிமிஷ நினைப்புக்குப் பெயர்தான் பகுத்தறிவு.