துப்பாக்கிக் குழலை மாற்றுவது ‘பைப்’ மாற்றும் வேலையா?
ஆயுள் தண்டனை வரை போகும் விவகாரம்!

லைசென்சோடு வீட்டில் ஒரு பழைய ரைபிள் இருக்கிறது. குழல் தேய்ந்து, குறி தவறுகிறது. அந்த அளவுத் தோட்டாவும் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. “வேற அளவுக் குழல் ஒண்ணு போட்டுட்டா போச்சு! லேத் பட்டறையில கடைஞ்சு தர மாட்டாங்களா?” என்ற யோசனை சிலருக்கு வரும்.

இந்த யோசனை ஆளை ஜெயிலுக்கும் அனுப்பலாம், ஆஸ்பத்திரிக்கும் அனுப்பலாம்.

‘த்ரீ நாட் த்ரீ’ சொல்லும் பாடம்

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம், எல்லோருக்கும் தெரிந்த ‘த்ரீ நாட் த்ரீ’ ரைபிள்தான். லீ-என்பீல்டு என்பது அதன் பெயர். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய ரகம். 2008-ல் மும்பை ரெயில் நிலையத்தில் தீவிரவாதிகள் புகுந்தபோது, அங்கிருந்த போலீசார் கையில் இருந்ததும் இதுதான். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 ஜனவரியில்தான் இதற்கு விடை கொடுத்தது.

இந்த ரைபிளின் குழலை மாற்றும் வேலையை அரசாங்கமே செய்திருக்கிறது. கொல்கத்தா அருகே உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையின் சரித்திரத்தைப் பார்த்தால் புரியும்.

வெள்ளைக்காரன் காலத்தில் .303 ரைபிள்களை .410 அளவு மஸ்கட்டாக மாற்றினார்கள். குழலுக்குள் சுருள் வரி கிடையாது. தோட்டாப் பெட்டி இருக்கும் இடத்தில் மரக்கட்டையை அடைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு குண்டு என்று ஆக்கினார்கள். போலீசுக்கும் சிறைக் காவலருக்கும் அது போதும் என்பது கணக்கு.

.303 ராணுவ அளவு என்பதால் பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது. அதனால் அதே அமைப்பில் .315 அளவுக் குழலோடு பொதுமக்களுக்கான ரைபிள் செய்தார்கள். லைசென்ஸ்தாரர் பலரிடம் இருப்பது இதுதான்.

1962 சீன யுத்தத்துக்குப் பிறகு 7.62 அளவுத் தோட்டாவுக்கு ஏற்ற ரைபிள் தேவைப்பட்டது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. 7.62 தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் அழுத்தம், .303-ஐ விட அதிகம். அதனால் பழைய ரைபிளை எடுத்துக் குழலை மட்டும் மாற்றிவிடவில்லை. உடற்பகுதியையே கூடுதல் உறுதியான எஃகில் புதிதாகச் செய்தார்கள். அதுதான் ‘2ஏ’, ‘2ஏ1’ ரைபிள்கள். “பழைய 303-ஐ மாத்துனதுதானே” என்று பலர் இன்றும் தவறாக நினைக்கிறார்கள்.

ஆலையும் ஆளும் கருவியும் கையில் இருந்த அரசாங்கமே குழலோடு விடாமல் உடலையும் மாற்றியது. பட்டறையில் எப்படி முடியும்?

முடியளவு பிசகினால்...

தோட்டா உள்ளே உட்கார்ந்ததும் அதன் பின்புறத்துக்கும் போல்ட்டின் முகப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் உயிர்நாடி. இதை அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு என்ற கணக்கில் அளப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது.

அது கூடினால் பித்தளைக் கூடு கிழியும். கொதிக்கும் வாயு பின்பக்கம் பீறிடும். சுடுபவரின் கண்ணும் கன்னமும் அங்கேதான் இருக்கின்றன!

அதனால்தான் ஆலையில் செய்த துப்பாக்கியைக்கூட வழக்கத்தை விட அதிக அழுத்தமுள்ள தோட்டாவை வெடித்துச் சோதித்து, முத்திரை குத்திய பிறகே வெளியே விடுகிறார்கள். வீட்டில் மாற்றிய குழலுக்கு அந்த முத்திரை ஏது? முதல் குண்டே சோதனைதான். சோதிக்கப்படுவது சுடுகிறவரின் முகம்!

2019-ல் விழுந்த பூட்டு

சட்டமும் இறுகிவிட்டது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவு, குழலை வெட்டிக் குட்டையாக்குவதையும் போலித் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக்குவதையும் லைசென்ஸ் இல்லாமல் செய்யத் தடை போட்டிருந்தது. 2019 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் அதில் சேர்த்தது.

தண்டனை? முன்பு 3 முதல் 7 ஆண்டு. இப்போது குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் வரை போகலாம். அபராதம் தனி.

அதே திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 3-லிருந்து 2 ஆகக் குறைத்தது. ஒன்றுதான் என்று அரசு முதலில் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் 2 ஆக்கியது. எண்ணிக்கை குறைந்தால், இருக்கும் துப்பாக்கியையே வேறு அளவுக்கு மாற்றும் ஆசை பிறக்கும். அந்தக் கதவையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

.315 ரைபிளில் .303 அல்லது 7.62 குழல் போட்டால், அது ராணுவத் தோட்டா சுடும் வகைக்குத் தாவிவிடும். லைசென்ஸ் புத்தகத்தில் இருப்பது ஒரு அளவு, கையில் இருப்பது வேறு அளவு. எந்தச் சோதனையிலும் மாட்டிக்கொள்ள இது போதும்.

பட்டறைக்காரரும் தப்ப முடியாது

“கூலிக்குக் கடைஞ்சு கொடுத்தேன், எனக்கென்ன தெரியும்?” என்ற பேச்சு எடுபடாது. துப்பாக்கியை மாற்றி அமைக்க, பழுது பார்க்க, சோதித்துப் பார்க்கக்கூட லைசென்ஸ் வேண்டும் என்கிறது 5-வது பிரிவு. சில நூறு ரூபாய் கூலிக்கு ஆசைப்பட்டால் பட்டறை, பிழைப்பு, குடும்பம் எல்லாம் கோர்ட் வாசலில் நிற்கும்.

நேர் வழி

குழல் கெட்டுப்போனால் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ரிப்பேர்காரரிடம் போக வேண்டும். வேறு அளவு வேண்டுமென்றால் லைசென்ஸ் அதிகாரியிடம் மனுப் போட்டு, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாம். துப்பாக்கியே வேண்டாம் என்றால் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கலாம்.

அலைச்சல்தான், சந்தேகமில்லை. ஆனால் 7 வருஷ சிறையையும் போன கண்ணையும் விட அது எவ்வளவோ மேல்!