பாட்டிக்கும் ஓய்வு நாள் வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோருக்கும் கொண்டாட்டம். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ஆபீசுக்கு விடுமுறை. பல தொழிற்சாலைகளுக்கும் விடுமுறை. ஆனால் வீட்டில் ஒருவருக்கு மட்டும் விடுமுறை இல்லை. அவர் யார்?

பாட்டி!

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். அவற்றில் பல குடும்பங்கள் பாட்டியின் தோளில்தான் நிற்கின்றன. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால், பேரப்பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் புறப்பட வைக்கும் வேலையும் அவருடையதே.

தேவாலயத்தில் சிறுவர் சிறுமியருக்கு நடக்கும் வகுப்புக்கு "ஓய்வுநாள் பள்ளி" என்று பெயர். அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி வைக்கும் பாட்டிக்கு ஓய்வு நாள் எது? ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

வேலை தேடி வந்தவர்கள்

இந்த வட்டாரம் உழைப்பாளிகளால் வளர்ந்த வட்டாரம். தென்னிந்தியாவின் முதல் ரெயில் 1856-ம் ஆண்டில் ராயபுரத்தில் இருந்து புறப்பட்டு, ஆவடி வழியாகத்தான் மேற்கே போயிற்று. 1949-ம் ஆண்டில் தோன்றிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1961-ம் ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-ம் ஆண்டில் "விஜயந்தா" டாங்கி அங்கே உருவாகி வெளியே வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதே காலத்தில் வளர்ந்தது.

வேலை தேடி நாலா திசையில் இருந்தும் மக்கள் வந்தார்கள். நெல்லையில் இருந்து வந்தார்கள். கன்னியாகுமரியில் இருந்து வந்தார்கள். வட ஆற்காட்டில் இருந்தும் ஆந்திராவில் இருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் வீடு கட்டினார்கள். கூடவே தங்கள் கோவிலையும் கட்டினார்கள்.

பாட்டி எப்போது வந்தார்? பெரும்பாலும் பிறகுதான் வந்தார். மகளுக்கோ மருமகளுக்கோ பேறுகாலம் பார்க்க வந்தார். மூன்று மாதத்தில் ஊருக்குத் திரும்புவதாகத்தான் பேச்சு. மருமகளின் பிரசவ விடுப்பு முடிந்தது. குழந்தையை யார் பார்ப்பது? பாட்டி தங்கினார். இரண்டாவது குழந்தை பிறந்தது. பாட்டி தங்கியே விட்டார். ஊரில் அவருடைய வீடு பூட்டிக் கிடக்கிறது.

ஒரே தெருவில் ஒரு பிள்ளை "ஆச்சி" என்று கூப்பிடும். இன்னொன்று "ஆயா" என்னும். வேறொன்று "அம்மாச்சி" என்னும். பெயர்தான் வேறு. வேலை ஒன்றே!

விடிந்தால் வேலை

வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே பாட்டி எழுந்துவிடுகிறார். தண்ணீர் பிடிக்கிறார். பால் காய்ச்சுகிறார். ஏழு மணி ஷிப்டுக்குப் போகும் மகனுக்குச் சாப்பாடு கட்டுகிறார். பெரியவனை எழுப்பிக் குளிப்பாட்டுகிறார். சின்னவளுக்குத் தலை வாரிப் பின்னுகிறார். "ஆச்சி, என் பெல்ட் எங்கே?" என்று ஒரு குரல். "ஆச்சி, இட்லி வேண்டாம்" என்று இன்னொரு குரல்.

பள்ளி வேன் போன பிறகு துணி. துணி முடிந்தால் சமையல். கைக்குழந்தை இருந்தால் அதற்கு ஊட்ட வேண்டும், தூங்க வைக்க வேண்டும். அது தூங்கும் நேரத்தில்தான் பாட்டி உட்கார முடியும். மாலையில் வேன் வந்ததும் மறுபடி ஓட்டம். பலகாரம், வீட்டுப் பாடம், விளையாட்டுச் சண்டை, சமாதானம்! இரவு குடும்ப ஜெபம். ஞாயிறு வகுப்புக்கு உரிய மனப்பாட வசனத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் அப்போதுதான்.

"நான் சும்மாதானே இருக்கிறேன்" என்று பாட்டியே சொல்வார். அது உண்மை அல்ல. மத்திய அரசு 2024-ம் ஆண்டில் நேரப் பயன்பாடு பற்றி ஒரு கணக்கு எடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாள் ஒன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று அந்தக் கணக்கு காட்டியது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! ஆண்களோ 88 நிமிடம்தான். குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை. அதற்குத் தனிக் கணக்கு உண்டு.

ஞாயிறு பள்ளி பிறந்த கதை

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எப்படிப் பிறந்தது தெரியுமா? ஆலைத் தொழிலின் வயிற்றில்தான் அது பிறந்தது.

இங்கிலாந்தில் குளோஸ்டர் என்ற ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்று ஒருவர் இருந்தார். அவர் பத்திரிகை நடத்தியவர். அந்த ஊரில் குண்டூசித் தொழிற்சாலைகள் இருந்தன. ஏழைப் பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாளும் வேலை செய்தார்கள். ஞாயிறு வந்தால் தெருவில் திரிந்தார்கள். 1780-ம் ஆண்டில் ரெய்க்ஸ் அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பாடம் சொல்ல வீட்டுப் பெண்களையே அமர்த்திக் கூலி கொடுத்தார். பைபிளோடு எழுத்தும் படிப்பும் சொல்லித் தரப்பட்டன. தம் பத்திரிகையிலும் அதைப் பற்றி எழுதினார். ஊர் ஊராக அந்த வழக்கம் பரவியது.

கோடை விடுமுறை வகுப்புக்கும் இதே போன்ற கதை உண்டு. 1898-ம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஹாஸ் என்ற பெண்மணி, கோடையில் தெருவில் திரிந்த பிள்ளைகளைக் கண்டார். சாராயக் கடைக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து அங்கே வகுப்பு நடத்தினார்! இன்று "வி.பி.எஸ்." என்று எல்லோரும் சொல்லும் விடுமுறை வேதாகமப் பள்ளி, அத்தகைய முயற்சிகளில் இருந்துதான் வளர்ந்தது.

இந்தியாவில் 1876-ம் ஆண்டில் அலகாபாத்தில் இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் தோன்றியது. பின்னர் அதன் தலைமையகம் நம் நீலகிரியில் உள்ள குன்னூருக்கு வந்தது.

இந்தக் கதைகளில் எல்லாம் பொதுவானது ஒன்று. தாயும் தகப்பனும் பிழைப்புக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்குத்தான் அந்த வகுப்புகள் விடையாக வந்தன. இன்றைய அம்பத்தூரிலும் அதே கேள்விதான். வகுப்பு ஒரு மணி நேரம் விடை சொல்கிறது. மீதி நேரத்துக்குப் பாட்டிதான் விடை!

மேடைக்குப் பின்னால்

தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் ஏதாவது உண்டு. பாட்டுப் போட்டி உண்டு. வசனப் போட்டி உண்டு. குருத்தோலை ஞாயிறு அன்று தென்னங்குருத்தைப் பிடித்துக்கொண்டு பவனி போகிறார்கள். மே மாதத்தில் விடுமுறைப் பள்ளி. டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடகம். மாதா கோவில்களில் மறைக்கல்வி வகுப்பு.

பிள்ளைகள் மேடையில் நிற்கிறார்கள். பெற்றோர் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். மேய்ப்பன் வேடத்துக்குப் பழைய துண்டைத் தேடி எடுத்தது யார்? தேவதூதனின் அட்டைச் சிறகில் ஜிகினா ஒட்டியது யார்? ஓலையில் சிலுவை முடையக் கற்றுக் கொடுத்தது யார்? வசனத்தை இருபது தடவை சொல்ல வைத்தது யார்? படத்தில் இல்லாத அந்தக் கைதான்!

பாட்டி தன் வீட்டுப் பிள்ளைகளை மட்டும் அழைத்துப் போவதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையும் கூட வருகிறது. வேற்று மதத்துக் குழந்தையும் விளையாட்டுக்காக வருவது உண்டு. அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் முதலில் சம்மதம் கேட்டுவிடுவது முறை. கேட்டு அழைத்துப் போனால் அக்கம்பக்கத்து நட்பு வளரும்.

பைபிளில் ஒரு பாட்டி

பாட்டியின் உழைப்பு பைபிளுக்குத் தெரிந்திருக்கிறது. தீமோத்தேயு என்ற இளைஞர் புனித பவுலின் உதவியாளர். அவருக்குப் பவுல் எழுதிய இரண்டாவது கடிதத்தின் தொடக்கத்திலேயே ஒரு பாட்டியின் பெயர் வருகிறது. லோவிசாள் என்பது அவர் பெயர். அந்தப் பாட்டியிடம் இருந்த விசுவாசம், தாய் ஐனிக்கேயாளிடம் வந்து, பேரனிடமும் இருக்கிறது என்று பவுல் பாராட்டுகிறார். லோவிசாள் பிரசங்கம் செய்ததாகச் செய்தி இல்லை. பேரன் நல்லவனாக வளர்ந்தான். அதுவே அவருடைய பெருமை.

அதே பைபிளின் பத்துக் கட்டளைகளில் ஓய்வு நாளும் ஒன்று. அன்று மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி எல்லோரும் ஓய வேண்டும். வீட்டில் இருக்கும் அந்நியனும் ஓய வேண்டும். மாட்டுக்குக்கூட அன்று வேலை இல்லை! அப்படியானால் பெற்ற தாய்க்கு மட்டும் அடுப்படி வேலையா?

நம் நாட்டில் தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை சும்மா கிடைக்கவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே என்ற தலைவர் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பல ஆண்டுகள் போராடினார். 1890-ம் ஆண்டில்தான் அங்கே ஞாயிறு விடுமுறை கிடைத்தது. தொழிலாளிக்காகப் பேச ஒரு லோகாண்டே இருந்தார். பாட்டிக்காகப் பேச வேண்டியவர்கள் அவருடைய பிள்ளைகளே.

அன்பும் அலுப்பும்

"பேரப்பிள்ளைகளோடு இருப்பதுதான் அம்மாவுக்குச் சந்தோஷம்" என்று பல மகன்கள் சொல்வார்கள். உண்மைதான். பேரனின் மழலை கேட்டால் பாட்டியின் முகம் மலரும். ஆனால் சந்தோஷமாகச் செய்தால் முழங்கால் வலிக்காதா? அன்பு இருக்கிறது என்பதற்காக அலுப்பு இல்லை என்று ஆகிவிடுமா?

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாடு அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை வீடு தேடி வந்தது. மாத்திரை வெளியில் இருந்து வரலாம். ஓய்வு வீட்டுக்குள் இருந்துதான் வர வேண்டும்!

என்ன செய்யலாம்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. மனம் இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் புறப்பட வைப்பது தகப்பனின் வேலையாக இருக்கட்டும். கறிக்குழம்பு வேண்டும் என்று ஆசைப்படும் மகன், கறி வாங்கி வருவதோடு நிற்காமல் வெங்காயமும் உரிக்கட்டும். முடியாவிட்டால் அன்று தயிர்ச் சாதம் போதும். யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

பாட்டிக்கு ஆராதனையில் கைக்குழந்தை இல்லாமல் உட்கார உரிமை உண்டு. பிள்ளைகளின் வகுப்பு முடியும் வரை வாசலில் காத்திருப்பதைப் பெற்றோர் மாற்றி மாற்றிச் செய்யலாம். பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கோ, சிநேகிதியைப் பார்க்கவோ பாட்டி தனியே போய்வர ஒரு நாள் விட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஊருக்கு அனுப்பி, பூட்டிய வீட்டைத் திறக்க வைக்க வேண்டும்.

தேவாலயங்களும் ஒன்று செய்யலாம். வகுப்பில் பாட்டிக்கு ஒரு நாற்காலி போட்டுப் பத்து நிமிடம் கதை சொல்லச் சொல்லலாம். அவரை வேலைக்காக அழைக்க வேண்டாம். பிள்ளைகளின் முன் கௌரவமாக அழைக்கலாம். பாட்டி என்பவர் சோறு போடுகிறவர் மட்டும் அல்ல, விஷயம் தெரிந்தவர் என்று பேரன் அப்போது அறிந்துகொள்வான்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொல்வது அல்ல. மார்கழியில் பேத்தியைத் திருப்பாவை வகுப்புக்கு அழைத்துப் போகும் பாட்டியும், பேரனை மதரசாவுக்கு அனுப்பி வைக்கும் பாட்டியும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள்.

பாட்டி சொல்லும் பாடத்தைப் பிள்ளை காதால் கேட்கிறது. பாட்டியை வீட்டார் நடத்தும் விதத்தைக் கண்ணால் பார்க்கிறது. காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது ஆழமாகப் பதியும். நாளை அந்தப் பிள்ளை தன் தாயை எப்படி நடத்தும் என்பது இன்று இந்த வீட்டில் நடப்பதைப் பொறுத்தது.

வரும் ஞாயிறு தொடங்கட்டும். முதல் காப்பியைப் பாட்டிக்கு யாராவது போட்டுக் கொடுங்கள்!