காவலும் சுங்கமும்: பிரெஞ்சு நாட்டின் கோப்புப் பகிர்வுச் சட்டம் பற்றி

1847ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் 'அம்பாசடேர்' என்னும் உணவுச்சாலையிலே ஏர்ணஸ்ற் பூர்சே என்னும் பாடலாசிரியர் நண்பருடன் அமர்ந்திருந்தார். அங்கு இசைக்கப்பட்டவற்றுள் அவருடைய பாடல்களும் இருந்தன. பருகிய பானத்துக்குப் பணம் கேட்கப்பட்டபோது, தம் பாடலுக்கு உணவுச்சாலைக்காரர் ஒன்றும் தராதவிடத்துத் தாமும் பானத்துக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை என அவர் மறுத்துவிட்டார். விவகாரம் நீதிமன்றம் சென்றது, பூர்சே வென்றார். அவ்வெற்றியின் பயனாக 1851இல் 'சசெம்' என்னும் பாடலாசிரியர், இசையமைப்பாளர், வெளியீட்டாளர் சங்கம் தோன்றிற்று. அச்சங்கம் இன்றும் நிலைபெற்றுள்ளது.

பிரெஞ்சு இசையுலகம் பெருமையுடன் கூறும் இச்சம்பவத்தின் உட்பொருள் போதியளவு உணரப்பட்டிலது. பூர்சே எவரிடம் ஊதியம் கேட்டார்? அடுத்த மேசையில் இருந்து பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவரிடம் அன்று. அப்பாட்டைக் கொண்டு வாடிக்கையாளரைக் கவர்ந்து வருவாய் ஈட்டிய உணவுச்சாலை முதலாளியிடமே கேட்டார். கலைஞனின் உரிமை கேட்போனுக்கு எதிராக எழுந்ததன்று; கலைஞனுக்கும் கேட்போனுக்கும் இடையே நின்று பொருளீட்டுவோனுக்கு எதிராக எழுந்தது. இவ்வடிப்படை உண்மையை மறந்து இயற்றப்படும் எச்சட்டமும் கலைஞனின் பெயராற் பிறர் நலம் பேணும் சட்டமாகவே முடியும் என்பதற்கு அதே பிரான்ஸ் நாடு 21ஆம் நூற்றாண்டிற் சிறந்ததொரு சான்றினை வழங்கியுள்ளது.

இசையை எடுத்துச்செல்லும் கருவி மாறுந்தோறும், பாட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்னும் வினா மீண்டும் எழுவதுண்டு. வானொலி தோன்றியபோது இசைத்தட்டு விற்றோர் அஞ்சினர். ஆயினும் வானொலி கேட்டமைக்காக எவரும் தண்டிக்கப்பட்டிலர். ஒலிபரப்பு நிலையங்கள் மொத்தமாக ஒரு தொகையைச் செலுத்திப் பாடல்களை ஒலிபரப்பும் முறை ஏற்பட்டது. ஒலிப்பதிவு நாடா வந்தபோது பாடல்கள் வீடுதோறும் பிரதிசெய்யப்பட்டன. வீட்டினுட் புகுந்து நாடாக்களைத் தேடுதல் தகாதென உணர்ந்த மேற்கு ஜேர்மனி, 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஒலிப்பதிவுக் கருவிகள் மீது சிறு அறவீடொன்றை விதித்தது. பிரான்ஸ் 1985 யூலை 3ஆந் திகதிய சட்டத்தின் மூலம் வெற்று நாடாக்கள் மீது அறவீடு செய்தது. அதன் நாலிலொரு பங்கு புதிய படைப்புக்களையும் மேடை நிகழ்ச்சிகளையும் ஊக்குவிப்பதற்கென ஒதுக்கப்பட்டது. ஆக, உணவுச்சாலை, வானொலி, நாடா ஆகிய மூன்றிலும் தீர்வு ஒன்றே: கேட்போனைத் துரத்தாது, பொது ஒழுங்கின் வழியாகக் கலைஞனுக்கு ஊதியம் சேர்ப்பித்தல்.

நான்காவது கருவி இணையம். 1999இல் அமெரிக்காவில் 'நப்ஸ்ரர்' தோன்றியது முதல், ஒருவரது கணினியில் உள்ள பாடற் கோப்பை உலகின் எம்மூலையில் உள்ளவரும் பெறக்கூடியதாயிற்று. 2001இல் நப்ஸ்ரர் நீதிமன்ற ஆணையால் முடக்கப்பட்டது; ஆயின் அதன் இடத்தைப் பல பகிர்வு முறைகள் பிடித்தன. 2003 முதல் 2008 வரை அமெரிக்க இசைத்தட்டுக் கொம்பனிகள் பல்லாயிரம் தனிநபர்மீது வழக்குத் தொடர்ந்தன. அவற்றுள் ஒன்றில் 24 பாடல்களுக்காக 19 இலட்சத்து 20 ஆயிரம் டொலர் செலுத்துமாறு 2009இல் யூரிமார் தீர்ப்பளித்தமையும், அத்தொகை பின்னர் குறைக்கப்பட்டமையும் அறியப்பட்டனவே. இறுவட்டு விற்பனை சரிந்தமை உண்மை. பிரான்சிலும் 2002இன் பின்னர் ஏழெட்டு ஆண்டுகளுள் ஒலிப்பதிவுச் சந்தை பாதிக்கு மேற் சுருங்கியது. கலைஞர் பலர் அதனால் நலிந்தனர் என்பதையும் மறுத்தற்கில்லை. பரிகாரம் வேண்டியதே, எத்தகைய பரிகாரம் என்பதே பிரச்சினை.

பழைய வழியிலான பரிகாரம் ஒன்று பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின் கைக்கெட்டியிருந்தது. 2005 திசெம்பர் 21ஆந் திகதி இரவு, தேசிய சபையிலே 30 வாக்குகளுக்கு 28 என்ற சிறு பெரும்பான்மையால் ஒரு திருத்தம் நிறைவேறிற்று. ஆளுங்கட்சியினர் சிலரும் எதிர்க்கட்சியினரும் ஒருங்கே ஆதரித்த அத்திருத்தம், தனிப்பட்ட தேவைக்கான பதிவிறக்கத்தைத் தனிநபர்ப் பிரதியாக ஏற்று, அதற்கீடாகக் கலைஞர் ஊதியம் பெற வழிவகுத்தது. 'முழுமை உரிமம்' என்னும் பெயராற் பேசப்பட்ட இவ்வேற்பாட்டின்படி, விரும்பும் இணையச் சந்தாதாரர் மாதாந்தம் சில யூரோ மிகையாகச் செலுத்துவர்; பகிர்வு குற்றமாகாது; சேரும் பணம் படைப்பாளிகளுக்குப் பகிரப்படும். பாடுவோரினதும் வாத்தியக் கலைஞரினதும் உரிமைகளை நிருவகிக்கும் 'அடாமி', 'ஸ்பெடிடாம்' ஆகிய சங்கங்கள் இதனை ஆதரித்தன. இசைத்தட்டுக் கொம்பனிகளும், பூர்சேயின் வெற்றியில் விளைந்த சசெம் சங்கமும் எதிர்த்தன. 2006 மார்ச்சில் அரசாங்கம் அத்திருத்தத்தை அகற்றுவித்தது. மாதாந்தக் கட்டணத்துக்கு எல்லையற்ற இசை என்பது இசையின் மதிப்பையே அழித்துவிடும் என்பதே அன்று பெரிதாக எழுப்பப்பட்ட கூக்குரல். இக்கூற்று மனங்கொள்ளத்தக்கது, அதனை எழுப்பியோரே பின்னர் யாது செய்தனர் என்பதைக் காண்டற்கு அது பயன்படும்.

சுங்கம் மறுக்கப்பட்டதும் காவல் வந்தது. 2007 நவெம்பரில், சனாதிபதி சார்க்கோசியின் மாளிகையில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதற்கு அடிப்படையான அறிக்கையைத் தயாரித்தவர் இறுவட்டும் புத்தகமும் விற்கும் 'ப்னாக்' என்னும் பெருவணிக நிறுவனத்தின் தலைவரான டெனி ஒலிவென். வழக்கின் தரப்பாரே வரைவாளராகவும் அமர்ந்த விந்தை இது. அதன் விளைவாக எழுந்த 'ஹடோபி' சட்டம், இருமுறை எச்சரிக்கப்பட்ட பின்னரும் பகிர்வைத் தொடர்வோரின் இணைய இணைப்பை, நீதிபதி எவருமின்றி ஓர் அதிகாரசபையே துண்டிக்க இடமளித்தது. 2009 ஏப்பிரல் 9ஆந் திகதி, ஏறக்குறைய வெறுமையாயிருந்த சபையிலே 21க்கு 15 என்ற வாக்குகளால் அது தோற்கடிக்கப்பட்டது. மே மாதத்தில் மீளக் கொணர்ந்து நிறைவேற்றினர். யூன் 10ஆந் திகதி அரசியலமைப்புப் பேரவை அத்துண்டிப்பு அதிகாரத்தைச் செல்லாததாக்கிற்று. கருத்து வெளியிடும் சுதந்திரத்தைக் கூறும் 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 11ஆவது பிரிவு இணையத்தை அணுகும் சுதந்திரத்தையும் உள்ளடக்கும் என்பதும், குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதியே என்பதும் அத்தீர்ப்பின் அடிப்படைகளாகும். அரசு தளரவில்லை, அதே ஆண்டு ஒக்ரோபரில் இரண்டாவது சட்டமொன்றை இயற்றித் துண்டிக்கும் அதிகாரத்தை நீதிபதியிடம் ஒப்படைத்தது.

இச்சட்டத்தை இயற்றியோரின் ஒழுக்கத்தையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். அதே 2009இல் ஆளுங்கட்சி அமெரிக்க இசைக்குழு ஒன்றின் பாடலை அனுமதியின்றித் தன் கூட்டத்திலும் பிரசாரப் படங்களிலும் பயன்படுத்தியமைக்கு நட்டஈடு செலுத்த நேர்ந்தது. 2010 சனவரியில் ஹடோபி அதிகாரசபை வெளியிட்ட இலச்சினையோ, பிரான்ஸ் ரெலிகொம் நிறுவனத்துக்கே உரித்தான எழுத்துருவை அனுமதியின்றிக் கொண்டிருந்தது. ஊர்க் காவலனின் தோளிலே அயலார் சால்வை!

2010 ஒக்ரோபரில் எச்சரிக்கைகள் செல்லத் தொடங்கின. எவரது இணைப்பிற் பகிர்வு நிகழ்கிறது என்பதைக் கண்டறிந்து தருவது உரிமையாளர் சங்கங்கள் அமர்த்திய தனியார் கொம்பனி. அரசு அதன் பட்டியலைப் பெற்றுக் கடிதம் அனுப்பும் அஞ்சற்காரனாயிற்று. குற்றமோ பகிர்தல் அன்று. 'இணைப்பைப் பாதுகாக்கத் தவறுதல்' என்பதாம். இதன் பொருளை 2012 செப்ரெம்பரில் பெல்போர் நகரத்து நீதிமன்றம் தெளிவாக்கிற்று. பதிவிறக்கியவர் தம் மனைவி எனக் கூறிய ஒருவருக்கே 150 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. செய்தவர் ஒருவர், தண்டம் இறுத்தவர் இன்னொருவர்! 2013 யூனில் முதன்முறையாக ஒருவருக்கு 15 நாள் இணைப்புத் துண்டிப்பும் 600 யூரோ தண்டமும் விதிக்கப்பட்டன. யூலை 8ஆந் திகதி துண்டிப்புத் தண்டனையே ஆணையொன்றால் நீக்கப்பட்டது.

இக்காவலின் பயன் யாது? ஒரு கோடிக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டன. 2009 முதல் அரசு அவ்வதிகாரசபைக்கு வழங்கிய பணம் ஏறத்தாழ 8 கோடி 20 இலட்சம் யூரோ எனவும், விதிக்கப்பட்ட தண்டங்கள் ஏறத்தாழ 87,000 யூரோ எனவும் 2020இல் வெளிவந்த கணக்குகள் காட்டின. அவ்வெண்பத்தேழாயிரத்தில் ஒரு சதமேனும் பாடகன் கைக்குச் சென்றதன்று. தண்டப்பணம் அரச திறைசேரிக்கே உரியது. 2022 சனவரி 1ஆந் திகதி ஹடோபி ஒலிபரப்பு ஒழுங்காற்று அதிகாரசபையுடன் இணைக்கப்பட்டு, 'ஆர்கொம்' என்னும் புதிய சபையுள் மறைந்தது.

இதற்கிடையே சுங்கம் வேறொரு வாயிலால் வந்து சேர்ந்தது. 2007இல் பிரான்சின் 'டீசர்', 2008இல் சுவீடனின் 'ஸ்பொற்றிபை' ஆகிய கொம்பனிகள் தம் சேவையைத் தொடங்கின. அவை விற்றது யாது? மாதம் ஏறத்தாழ 10 யூரோவுக்கு எல்லையற்ற இசை! இசையின் மதிப்பை அழிக்கும் எனப் பாராளுமன்றத்திலே இகழப்பட்ட அதே மாதாந்தக் கட்டணம், தனியார் முதலின் கைப்பட்டதும் இசைத்துறையின் இரட்சகனாகப் போற்றப்பட்டது. அன்று கூக்குரலிட்ட பெருங்கொம்பனிகள் ஸ்பொற்றிபையின் பங்குகளையும் பெற்றுக்கொண்டன. வோர்னர் நிறுவனம் தன் பங்குகள் யாவற்றையும் 2018இல் 50 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு விற்றது. 2023இல் உலக ஒலிப்பதிவு வருவாய் 2,860 கோடி டொலர். அதன் மூன்றில் இரண்டு பங்கு இவ்வகைக் கேட்பினின்றும் வந்தது. எனவே எதிர்க்கப்பட்டது கட்டணமன்று. அக்கட்டணம் பொதுமக்கள் அறிய வகுக்கப்பட்டுக் கலைஞர் சங்கங்களின் வழியாகப் பகிரப்படுவதே எதிர்க்கப்பட்டது.

கலைஞர் நிலை என்னாயிற்று? பெரும்பாலான தளங்களிற் சந்தாதாரர் செலுத்தும் பணம் ஒரே குவியலாகச் சேர்க்கப்பட்டு, மொத்தக் கேட்பில் ஒவ்வொரு பாடலும் பெறும் விகிதப்படி பகிரப்படுகின்றது. நாட்டார் பாடலன்றி வேறொன்றும் கேளாத ஒருவரது பணத்தின் பெரும்பகுதியும், அவர் பெயரும் அறியாத பிரபலங்களையே சென்றடையும். ஓராண்டில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்படும் ஒலிப்பதிவுக்கு ஒன்றும் இல்லை என 2024 முதல் ஸ்பொற்றிபை விதித்துக்கொண்டது. எப்பாராளுமன்றம் இவ்விதியை விவாதித்தது? எந்நீதிமன்று இதனை ஆராய்ந்தது? யுனிவேர்சல், சோனி, வோர்னர் ஆகிய மூன்று கொம்பனிகளும் சில தளங்களும் தமக்குள் எழுதும் ஒப்பந்தங்களே இன்று இசையின் சட்டமாயுள்ளன.

கலைஞனின் உழைப்பைக் கூலியின்றிக் கவர்தல் நீதியாகுமா என்பர் சிலர். ஆகாது. ஆயின் முழுமை உரிமம் கூலியை மறுத்ததன்று; கூலியைச் சேர்ப்பிக்கும் வழியையே கூறிற்று. எப்பாடல் எத்துணை பகிரப்பட்டது என்பதை எவ்வாறு கணிப்பது என்பர் வேறு சிலர். இன்ன வீட்டு இணைப்பில் இன்ன பாடல் பகிரப்பட்டதெனக் கண்டு கடிதம் எழுத முடிந்தவர்க்குப் பாடல்களை எண்ண முடியாமற் போயிற்று என்பது நம்பத்தக்கதன்று. திரைப்படத்துறையின் எதிர்ப்பு ஓரளவு நியாயமுடையது; பெருஞ்செலவில் எடுக்கப்படும் படம் முதலிற் கொட்டகையிலும் பின்னரே வீட்டிலும் காட்டப்படுவது. ஆயின் அது இசையை வேறாக வகுத்துத் தீர்த்தற்குரிய காரணமேயன்றி, இசைக்கும் தீர்வை மறுத்தற்குரிய காரணமன்று.

2024 சனவரி முதல் பிரெஞ்சு அரசு, நாட்டில் 2 கோடி யூரோவுக்கு மேல் வருவாயீட்டும் இசைத் தளங்கள் மீது 1.2 சதவீத வரி விதித்துத் தேசிய இசை நிலையத்துக்கு வழங்குகின்றது. சிறிதெனினும் இது ஒரு வாக்குமூலம். இடைநின்று பொருளீட்டுவோனிடம் பெற்று இசைக்கு வழங்குதல் அரசுக்கு இயலும் என்பதை அது தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது. 2005இன் அவ்விரவில் இயலாதெனப்பட்டது பதினெட்டு ஆண்டுகளின் பின் இயன்றது. அதற்குள் வாயில்கள் யாவும் பிறர் கைப்பட்டுவிட்டன.

ஒழுங்காற்றுதல் அரசின் கடன். யாரை ஒழுங்காற்றுதல் என்பதிலேயே அரசின் சார்பு வெளிப்படும். கேட்போனின் வீட்டு வாயிலிற் காவல் வைத்த அரசு, இசையின் தலைவாயிலைக் காவலின்றி விட்டது. பானத்துக்குப் பணம் கொடுக்க மறுத்த பூர்சே சரியான ஆளிடமே சண்டையிட்டார். அவர் பெயரால் இன்று சட்டம் செய்வோர் அடுத்த மேசைக்காரனின் சட்டைப்பையைச் சோதித்துக்கொண்டிருக்க, உணவுச்சாலை முதலாளி கல்லாப்பெட்டியைப் பூட்டுகின்றார்.