தாலிக்கும் தடையுத்தரவா?

வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கும் புதூர் நாகதம்பிரானுக்கும் நேர்த்தி வைக்கும் வன்னித் தாய்மார் ஒரு காலத்தில் மழை பொய்யாமலிருக்கவும் வயல் விளையவும் வேண்டிக்கொண்டார்கள். இன்றோ, மணமுடித்து வீட்டிலேயே இருக்கும் மகளுக்கு விசா வரவேண்டுமென்று வேண்டிக்கொள்ளுகிறார்கள். மணப்பந்தல் பிரித்தாயிற்று, மூன்று கிழமை லீவில் வந்த மாப்பிள்ளை பாரிசுக்கோ பேர்லினுக்கோ திரும்பியாயிற்று. பெண் மட்டும் பெற்றோர் வீட்டுத் திண்ணையில் தொலைபேசியும் கையுமாகக் காத்திருக்கிறாள். இது ஒரு வீட்டுக் கதையன்று. வவுனியா தொடக்கம் பரந்தன் வரை, அங்கிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை ஊருக்கு ஊர் கேட்கும் கதை இது.

இந்த மாப்பிள்ளைமார் யார்? 1983ஆம் ஆண்டின் இனக் கொலைக்குப் பின்னும், அதைத் தொடர்ந்த யுத்த ஆண்டுகளிலும் உயிர் பிழைக்க ஓடியவர்கள். அல்லது அவர்களுடைய பிள்ளைகள். பிரான்சிலும் யேர்மனியிலும் நெதர்லாந்திலும் அகதிகளாய்ப் புகுந்து, காலப்போக்கில் அந்நாட்டுப் பிரசைகளானவர்கள். வேறொரு நாட்டின் பிரசாவுரிமையை ஏற்ற கணமே இலங்கைச் சட்டம் தன் பிரசாவுரிமையை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது. இரட்டைப் பிரசாவுரிமைக்குப் பணங்கட்டி விண்ணப்பித்தாலன்றி, பிறந்த ஊரில் அவர்கள் அந்நியர்களே!

அந்நியன் என்றால் எவ்வளவு தூரம் அந்நியன்? 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பதிவாளர் நாயகம் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். இலங்கையரை மணக்க வரும் வெளிநாட்டுப் பிரசை எவராயினும், 2022 ஜனவரி 1 முதல், பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற்ற பின்னரே விவாகத்தைப் பதிவுசெய்யலாம் என்றது அது. கிளிநொச்சியில் பிறந்தவன் கிளிநொச்சிப் பெண்ணுக்குத் தாலி கட்டப் பாதுகாப்பு அமைச்சு சம்மதிக்க வேண்டுமாம்! மாமன் மாமி சம்மதித்தால் போதாதாம்! நாடெங்கும் கண்டனம் எழுந்ததில் வியப்பென்ன? அப்படியோர் எண்ணம் கொழும்பில் உதித்ததையே நாம் மறக்கவில்லை.

இது நம் நாட்டு அரசின் இலட்சணம். மனித உரிமை பற்றி உலகுக்குப் பாடஞ் சொல்லும் ஐரோப்பா என்ன செய்கிறது? அங்கே இருவகைத் தராசு தொங்குகிறது. இதை நம் மக்கள் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும். அறியாமையை விற்றுப் பிழைக்கும் முகவர்கள் மலிந்துவிட்ட காலம் இது.

ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டிலே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. 2004/38 என்பது அதன் இலக்கம். ஓர் உறுப்பு நாட்டின் பிரசை வேறோர் உறுப்பு நாட்டிற் சென்று தொழில் செய்து வாழ்வானேயானால், அவனுடைய மனைவி எந்தத் தேசத்தவளாயினும் அவனோடு சேர்ந்து வாழும் உரிமை உடையவள் என்கிறது அச்சட்டம். அவளுக்கு நுழைவு விசா கட்டணமின்றி, விரைவாக வழங்கப்படல் வேண்டும். வதிவிட அட்டை ஆறு மாதத்துக்குள் கொடுக்கப்படல் வேண்டும். ஐந்தாண்டு அங்கு வாழ்ந்தபின் நிரந்தர வதிவுரிமை உண்டு. மணம் மூன்றாண்டு நிலைத்து, அதில் ஓராண்டேனும் அந்நாட்டில் வாழ்ந்த பின் முறிந்தால், அல்லது கணவனின் கொடுமையால் முறிந்தால், அவள் நாடு கடத்தப்படாமல் அங்கேயே வாழவும் வழி வைத்திருக்கிறது. மணம் எங்கே நடந்தது, எப்பொழுது நடந்தது என்பதெல்லாம் பொருட்டல்ல என்று 2008ஆம் ஆண்டில், அயர்லாந்திலிருந்து வந்த மெற்றொக் வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்தும் விட்டது.

நல்ல சட்டம், நாம் மறுக்கவில்லை. ஆனால், இது எல்லை தாண்டிச் சென்ற பிரசைக்கே உரியது. சொந்த நாட்டிலேயே இருப்பவனுக்கு இது பொருந்தாது. அவனை ஆளுவது அவனுடைய நாட்டுச் சட்டமே. விளைவைப் பாருங்கள். யேர்மனியின் ஒரே நகரில், ஒரே தெருவில், இரு தமிழர் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பிரெஞ்சுப் பிரசை, மற்றவர் யேர்மன் பிரசை. இருவரும் முள்ளியவளையிற் பெண் எடுத்தார்கள். பிரெஞ்சுப் பிரசையின் மனைவி யேர்மன் மொழியில் ஒரு சொல்லும் அறியாமலே போய்ச் சேரலாம். யேர்மன் பிரசையின் மனைவியோ, 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, புறப்படுமுன்னரே அம்மொழியில் ஆரம்பப் பரீட்சை தேறியாக வேண்டும். சொந்த நாட்டுப் பிரசைக்குக் கடுஞ்சட்டம், அயல் நாட்டுப் பிரசைக்கு இளஞ்சட்டம்! நெதர்லாந்தும் 2006 முதல் தன் பிரசைகளின் மனைவியருக்கு இத்தகைய பரீட்சை வைத்தே கதவைத் திறக்கிறது.

இந்தப் புதிருக்குள் ஒரு வழியைத் திறந்துவிட்டவர் சுரிந்தர் சிங் என்ற இந்தியர். பிரித்தானியப் பெண்ணை மணந்து, இருவரும் யேர்மனியிற் சில காலம் வேலை செய்து, பின் பிரித்தானியா திரும்பினர். மனைவியின் சொந்த நாடே கணவனை வெளியேற்ற முனைந்தது. மற்றொரு நாட்டிற் சென்று உழைத்துத் திரும்பும் பிரசை, தன் துணையை உடனழைத்து வரும் உரிமையோடுதான் திரும்புகிறார் என்று 1992 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தீர்ப்பைப் பற்றிக்கொண்டு கரையேறியிருக்கின்றன. ஆனால் அதற்காக வேலையை விட்டு, வீட்டை விட்டு, மற்றொரு தேசத்திற் குடியேற வேண்டியிருக்கிறதே!

பிரித்தானியாவின் போக்கு இன்னும் விந்தையானது. பிரான்சு, நெதர்லாந்து, யேர்மனிக் கடவுச்சீட்டோடு இலண்டனிற் குடியேறிய நம்மவர் பலர். ஒன்றியத்தை விட்டுப் பிரித்தானியா விலகிய பின், 2020 டிசம்பர் 31 ஒரு கோடாகக் கிழிக்கப்பட்டது. அன்றைக்கு முன் மணந்தவன் மனைவியை அழைக்கப் பழைய சலுகை உண்டு. பின் மணந்தவனுக்கு வருமான வரம்பு. 2012இல் 18,600 பவுணாக வைத்த அந்த வரம்பு, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுணாயிற்று. உணவுச்சாலையிற் கோப்பை கழுவுபவனும் கடையிற் காசு வாங்குபவனும் மனைவியோடு வாழத் தகுதியற்றவர்களா? பணக்காரனுக்குத்தான் இல்லறமா?

பொய் மணங்களைத் தடுக்கவே இத்தனை கெடுபிடி என்பார்கள். பொய் மணங்கள் இல்லையென்று நாமும் சாதிக்கவில்லை. கடுதாசிக்காகத் தாலி கட்டிப் பெண்ணை நடுத்தெருவில் விட்டவர்களும் நம்மிடையே உண்டு; வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், பெற்றோர் பேசி முடித்த மணத்தில் முன்பழக்கம் எங்கே, காதற் கடிதம் எங்கே என்று கேட்கும் அதிகாரி, நமது வழக்கத்தையே குற்றமாக்குகிறார்.

அடுத்தது பத்திரங்களின் கதை. 2009இல் முள்ளிவாய்க்காலுக்கூடாக வந்து, செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் அடைபட்டவர்கள் உடுத்த துணியோடு வந்தவர்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்தாயா என்று அவர்களைக் கேட்பது எவ்வளவு கொடுமை! கடவுச்சீட்டை வவுனியாவிலேயே எடுத்துவிடலாம். தூதராலயங்களோ கொழும்பில். நோர்வே 2023இல் தன் கொழும்புத் தூதராலயத்தையே மூடிவிட்டது. மொழி வகுப்புக்காக வீட்டை விட்டு அறை எடுத்துத் தங்கும் பெண்ணுக்கு ஆகும் செலவு, அவளுடைய தந்தையின் ஒருபோக நெல் வருமானத்தை விழுங்கிவிடும்.

காத்திருக்கும் மனைவியின் கையை நம்முடைய வழக்கச் சட்டமும் கட்டி வைத்திருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சீதனக் காணியைக் கூடக் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவன் தொலைபேசியை எடுக்காத நாளில் அவள் என் செய்வாள்? ஐரோப்பாவை நோக்கி விரல் நீட்டும் நாம் இதையும் பேசியாக வேண்டும்.

வன்னிக்கு இந்தத் துயர் புதிதன்று. 1958இலும் 1977இலும் அடிபட்டு வந்து இம்மண்ணிற் காடு வெட்டிக் குடியேறிய மலையகத் தமிழரைக் கேளுங்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும், 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று மனிதரைப் பங்கிட்டபோது, ஒரே குடும்பம் இரு நாட்டுக் கடுதாசிகளாகக் கிழிந்தது. கப்பலேறியவர்கள் ஒரு கரையிலும், ஏறாதவர்கள் மறுகரையிலுமாக வாழ்ந்து மடிந்தார்கள். அந்த வடுவைச் சுமக்கும் கிழவிகள் இன்னமும் கிளிநொச்சியில் இருக்கிறார்கள்.

நாம் கேட்பது பெரிதன்று. வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொழும்பிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழுவிடம் இதை எழுப்புவார்களா? யுத்தத்திற் பத்திரம் இழந்தோருக்கு, பிரதேச செயலகங்கள் பிரதிகளையும் அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்புகளையும் ஒரே மேசையிற் கொடுக்க ஒழுங்கு செய்வார்களா?

பெண்ணைப் பெற்றோருக்கும் ஒன்று. பொன்னுருக்க நாட் பார்க்குமுன், மாப்பிள்ளையின் சாதகத்தோடு அவருடைய கடவுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். எந்த நாட்டுப் பிரசை, எந்த நாட்டில் வாழ்கிறார், அந்த இரண்டும் ஒன்றா வேறா, அங்கே என்ன தொழில், என்ன சம்பளம் என்று கேளுங்கள். இக்கேள்விகளைக் கேட்டதற்காகக் கோபித்து எழுந்து போகிற சம்பந்தி, போகட்டும்.