பெயரை வரைந்தவர்கள்

கயல்விழி என்னும் பெயரை எழுத்தின்றிக் குறிக்க வேண்டுமெனில், ஒரு மீனையும் ஒரு கண்ணையும் வரையலாம். தமிழறிந்தவர் அதனைப் பெயராகப் படிக்கக்கூடும்; அறியாதவருக்கு அது மீனும் கண்ணும் மட்டுமே. ஓவியக்குறியில் உள்ள பெயரைப் படிக்க மொழியறிவு வேண்டும்.

அஸ்டெக் மக்களின் பெயர்க்குறிகள்

மெக்சிகோவில் நாவாட்டில் மொழி பேசிய அஸ்டெக் மக்கள் ஆட்பெயர்களை இவ்வாறே எழுதினர். சிமல்போபோகா என்னும் அரசரின் பெயருக்குப் ‘புகையும் கேடயம்’ என்பது பொருள். ஆகவே, கேடயத்தையும் அதிலிருந்து எழும் புகையையும் வரைந்தனர். இட்ஸ்கோவாட்டில் என்னும் அரசரின் பெயரில் ‘இட்ஸ்’ என்பது எரிமலைக் கண்ணாடிக்கல்லையும், ‘கோவாட்டில்’ என்பது பாம்பையும் குறிக்கும். கல்முனைகள் பதித்த பாம்பே அவரது பெயர்க்குறி.

அதே பெயரைக் கண்ணாடிக்கல், பானை, நீர் ஆகியவற்றை வரைந்தும் எழுதினர். பானையைக் குறிக்கும் ‘கோமிட்டில்’ என்னும் சொல்லின் முதல் ஒலியான ‘கோ’, நீரைக் குறிக்கும் ‘ஆட்டில்’ என்னும் சொல்லோடு சேர்ந்து பெயரை நிறைவு செய்கிறது. இங்குப் பானையும் நீரும் தம் பொருளை விட்டு ஒலியை மட்டுமே தருகின்றன. 1541ஆம் ஆண்டையொட்டி உருவான மெண்டோசா சுவடியில் ஓவியங்களின் அருகே பெயர்கள் உரோமானிய எழுத்திலும் எழுதப்பட்டுள்ளன. அக்குறிப்புகளும், இன்றும் வழங்கும் நாவாட்டில் மொழியும் இக்குறிகளைப் படிக்கத் துணைபுரிந்தன.

தமிழ் மண்ணின் பானை ஓடுகள்

கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘குவிரன்’, ‘ஆதன்’ முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் உள்ளன. கடலூர் மஞ்சக்குப்பத்திற்கு வடக்கே, அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் தமிழி பொறித்த ஓடுகள் கிடைத்தன. தமிழகத்தின் பல ஊர்களில் ஏணி, மீன், அம்பு போன்ற கீறல் குறியீடுகளும் கிடைக்கின்றன. அவை உரிமையாளரின் பெயரா, குடியின் அடையாளமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து ஒற்றுமை இல்லை.

சிந்துவெளி முத்திரைகளின் மீன்குறியை ‘விண்மீன்’ எனப் படிக்கலாம் என ஈராஸ் பாதிரியார் கருதினார். அஸ்கோ பர்போலா அக்கருத்தை விரித்துரைத்தார். மீனுக்கும் விண்மீனுக்கும் ஒரே சொல் வழங்கும் மொழியிலேயே இவ்வாசிப்பு பொருந்தும். எனினும், அதனை உறுதிசெய்யும் இருமொழிப் பொறிப்பு இதுவரை கிடைக்கவில்லை. சிந்துவெளி எழுத்தைப் படித்தறிவோருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு வழங்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது.

இத்தகைய ஆர்வத்திற்குப் பொறுமை துணையாக வேண்டும். தோற்றத்தை மட்டும் கொண்டு குறிகளுக்குப் பொருள் கூறுவது ஆய்வாகாது. கீறல் குறியும் தமிழி எழுத்தும் அருகருகே அமைந்த ஓடுகள் சில கிடைத்துள்ளன. குறிக்கும் பெயருக்கும் உள்ள உறவை ஆராய அவையே உறுதியான தொடக்கம். எனவே, வயலிலோ ஆற்றங்கரையிலோ கிடைக்கும் ஓட்டினைச் சுரண்டாமல், கிடைத்த இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது மாணவர் கடமை. பானையில் தம் பெயரைப் பொறித்த எளிய மனிதரைப் பற்றி எஞ்சியிருப்பது பெரும்பாலும் அப்பெயர் ஒன்றே. அதனைப் பிழையாகப் படித்தால், அவர் இரண்டாம் முறையும் மறக்கப்படுவார்.