முப்பந்தல் காற்றாலை சொல்லித் தரும் வரிப் பாடம்

நாகர்கோவில்–திருநெல்வேலி பஸ்ல போறவங்களுக்கு முப்பந்தல் காற்றாலைகள் ஒரு செல்ஃபி ஸ்பாட். என்னைக் கேட்டா, அது ஒரு முதலீட்டுப் பாடம்.

1990-களின் தொடக்கத்துல நம்ம ஊருக்கு அது புது டெக்னாலஜி. காற்றாலை வாங்குற கம்பெனி, அதோட முழு விலையையும் முதல் வருஷமே தேய்மானமா கழிச்சு வரியைக் குறைச்சுக்கலாம். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றை நம்பி வந்தவங்களோட, வரிச்சலுகையை மட்டும் பார்த்து வந்தவங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. 1996-ல குறைந்தபட்ச மாற்று வரி வந்துச்சு; புதுசா காற்றாலை போடுற வேகம் குறைஞ்சுது.

2009-ல மத்திய அரசு இன்னொரு வழியும் கொண்டு வந்துச்சு: அந்தத் தேய்மானச் சலுகை வேண்டாம்னு சொல்றவங்களுக்கு, கிரிட்டுக்குக் கொடுக்குற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா. அதாவது, வாங்கி நிறுத்தினா போதாது, ஓடணும்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். ஜனவரியில ஆபீஸ்ல 'இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப்' கேட்டதும், அவசரமா ஒரு எண்டோமென்ட் பாலிசி எடுக்குறோம். பழைய வரி முறையில 80சி கழிவு மொத்தமே ₹1.5 லட்சம்தான். பிஎஃப் பிடித்தமே அதுல பாதியைச் சாப்பிட்டிருக்கலாம். புது வரி முறையில இருந்தா அந்தக் கழிவே கிடையாது. ஆனா பிரீமியம் வருஷா வருஷம் கட்டணும்.

வரிச்சலுகை வேண்டாம்னு சொல்லல. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்தச் சலுகை நாளைக்கே போனாலும் இதை வாங்குவேனா?" 'ஆமா'ன்னா வாங்குங்க. இல்லன்னா, அது காத்தே இல்லாத இடத்துல நட்ட காற்றாலைதான் மக்கா!