அவளுக்கும் ஓர் ஊஞ்சல்

எங்கள் பகுதிப் பூங்கா வாசலில், பைக் நுழையாமலிருக்க இரும்புக் குழாய்களை வளைத்து நட்டிருக்கிறார்கள். என் மகளின் சக்கர நாற்காலியும் அதில் நுழையாது. அவளைத் தூக்கிக்கொண்டு போனால் ஊஞ்சல் வெறும் பலகை. சாய்மானமும் இடுப்புப் பட்டையும் இல்லாமல் அவளால் உட்கார முடியாது. சறுக்குமரத்தைச் சுற்றிலும் மணல், சக்கரம் புதைந்துவிடும்.

இவற்றைச் சரிசெய்வது முடியாத காரியமா? சென்னை சாந்தோமில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் திடலை மாநகராட்சி 2019-லேயே திறந்துவிட்டது. பொழுதுபோக்கிலும் சம உரிமை என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

தனிப் பூங்கா கேட்கவில்லை. அண்ணன் ஆடும் ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் ஒன்று வேண்டும். இனி விடப்படும் ஒவ்வொரு பூங்கா டெண்டரிலும் உள்ளாட்சிகள் இப்படிப்பட்ட வசதிகளைக் கட்டாயமாக்க வேண்டும்.